உங்கள் கிளப்பைப் பற்றிய தொடரைப் பார்ப்பது எப்படி: ஒரு சண்டர்லேண்ட் ரசிகை சொல்கிறேன்

2017 டிசம்பர் 16 அன்று ஃபுல்ஹாமுக்கு எதிராக, இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கிற எங்கள் கால்பந்து கிளப் சண்டர்லேண்டுக்காக ஜோஷ் மாஜா அடித்த கோலை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தேன் என்று ஒரு வருடத்துக்கு மேல் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சும்மா ஒரு கோல் இல்லை அது. சண்டர்லேண்ட் சொந்த மைதானத்தில் ஜெயித்து அன்றைக்கு 364 நாள் ஆகியிருந்தது. ஆட்டம் 1-0. மாஜாவுக்கு அதுதான் முதல் லீக் ஆட்டம். நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி வார்டில் சொன்னேன், ஊருக்குப் போன் பண்ணி அண்ணனிடம் சொன்னேன். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அன்றைக்கு நீ நைட் டியூட்டி முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாய், பெட். மேட்ச் புரோகிராமை உன் கதவுத் துவாரத்தில் போட்டதே நான்தான்" என்றார். பழைய டியூட்டி அட்டவணையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. நான் அந்தக் கோலைப் பார்த்தது நெட்ஃபிளிக்ஸில்.

('பெட்' என்றால் வளர்ப்புப் பிராணி என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஊரில் அது பெண்களையும் பிள்ளைகளையும் கூப்பிடுகிற சொல். எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்து 'மக்ளே' மாதிரி.)

இப்போது ஏறக்குறைய எல்லாப் பெரிய கிளப்பிலும் கேமரா நுழைந்துவிட்டது. உங்கள் கிளப்பைப் பற்றியும் ஒரு தொடர் வந்திருக்கலாம், இல்லை நாளைக்கு வரலாம். அதை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் கிளப்பைப் பற்றி நெட்ஃபிளிக்ஸில் வந்த 'சண்டர்லேண்ட் டில் ஐ டை' தொடரின் மூன்று சீசனையும் பார்த்துப் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டது இது. உங்கள் கிளப் ஜெயித்துக்கொண்டே இருக்கிற கிளப் என்றால் இதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

முதல் வேலை ஒரு நோட்டு வாங்குவது. தொடர் வெளியாகும் முன்பே உட்கார்ந்து, அந்தப் பருவத்தில் உங்களுக்கு ஞாபகம் இருக்கிற ஆட்டங்களை எழுதிவிடுங்கள். ஸ்கோர் வேண்டாம், அதை எங்கே வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், பக்கத்தில் யார், என்ன சாப்பிட்டீர்கள், கோல் விழுந்தபோது உண்மையிலேயே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா என்பதை எழுதுங்கள். படம் பார்த்த பிறகு எழுதினால் உங்கள் ஞாபகத்தை எழுத மாட்டீர்கள், எடிட்டர் வெட்டி ஒட்டியதைத்தான் எழுதுவீர்கள். என் மாஜா கோல் அப்படித்தான் போனது.

இரண்டாவது சீசன் வந்தபோது கொஞ்சம் புத்தி வந்திருந்தது. அது 2020 ஏப்ரல் 1 அன்று வெளியானது. அதற்கு முந்தின வாரமே 2019 மே 26 பற்றி நான்கு பக்கம் எழுதிவிட்டேன். லண்டன் வெம்பிளியில் லீக் ஒன் (இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக்) பிளே-ஆஃப் இறுதி ஆட்டம், ஜெயித்தால் இரண்டாம் நிலைக்கு ஏறலாம், எதிரே சார்ல்டன். ஐந்தாவது நிமிடத்தில் சார்ல்டனின் நபி சார் தன் கோல்கீப்பருக்குப் பந்தைத் திருப்பித் தட்ட, அது கீப்பரைத் தாண்டி உருண்டு கோலுக்குள் போய்விட்டது. எங்களுக்கு அன்று கிடைத்த ஒரே கோல் அதுதான், அதையும் எதிரணியே போட்டுக் கொடுத்தது. நான் அப்போது டீ வாங்க வரிசையில் நின்றேன். பிறகு பர்ரிங்டன் சமன் செய்தார். 94-ஆவது நிமிடத்தில் பேட்ரிக் பௌவர் அடித்தார். 2-1. முடிந்தது.

இதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். நோட்டில் நான் எழுதியது வேறு. பெரியவர் கழுத்துத் துண்டைக் கழற்றி, சதுரமாக மடித்து, சாண்ட்விச் வைத்திருந்த பையில் போட்டு ஜிப்பை மூடினார். எங்களுக்கு முன்வரிசையில் ஒரு சின்னப் பையன் "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்று அவன் அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தான், அவர் பதிலே சொல்லவில்லை. திரும்பி வந்த பஸ்ஸில் ஐந்து மணி நேரம். வழியில் நிறுத்திய இடத்தில் யாரும் இறங்கவில்லை. தொடரிலும் அந்தக் கோலுக்குப் பிறகு அழுகிற முகங்கள் வருகின்றன. நல்ல காட்சிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அன்றைய ஆட்டம் என்றால் அந்த ஜிப் சத்தம்தான். எழுதி வைக்காமல் விட்டிருந்தால் இதற்குள் யாரோ தெரியாதவருடைய கண்ணீர் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது, யார் எடுத்தார்கள், யார் உள்ளே விட்டார்கள் என்று விசாரியுங்கள். கிளப் கதவைத் திறக்காமல் இந்த மாதிரிப் படம் எடுக்க முடியாது. எங்கள் தொடரை எடுத்த நிறுவனத்தின் பெயர் ஃபுல்வெல் 73. எங்கள் பழைய ரோக்கர் பார்க் மைதானத்தில் ஒரு பக்கத்து ஸ்டாண்டுக்குப் பெயர் ஃபுல்வெல் எண்ட். 73 என்பது, இரண்டாம் நிலையில் இருந்த சண்டர்லேண்ட் லீட்ஸை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையை எடுத்த 1973. அதாவது எடுத்தவர்களே எங்கள் ஆட்கள். அதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. எங்களுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தவர்கள், அங்கேயே கேமராவை வைத்தார்கள். தொடக்கப் பாட்டே கப்பல் கட்டும் தளங்களைப் பற்றியது. ஊரின் கடைசித் தளம் 1988-இல் மூடப்பட்டது. மைதானம் நிற்பதோ மூடிப்போன மங்க்வெயர்மவுத் நிலக்கரிச் சுரங்கத்தின் மேல், வாசலில் சுரங்கத் தொழிலாளியின் பெரிய விளக்கு ஒன்று இருக்கிறது. பாட்டு ஆரம்பிக்கும்போதே பெரியவர் தொண்டையைச் செருமிக்கொள்வார். அவர் கப்பல் தளத்தில் வேலை பார்த்தவர்.

கதவு எந்த அளவுக்குத் திறந்தது என்பதையும் கவனியுங்கள். முதல் சீசனில் உடைமாற்றும் அறைக்குள் கேமரா அதிகம் போவதே இல்லை. முதலாளி எல்லிஸ் ஷார்ட்டும் முன்னால் வந்து பேசுவதில்லை. அந்த இடத்தை யாரைக் கொண்டு நிரப்பினார்கள் என்று பாருங்கள். ரசிகர்கள், டாக்ஸிக்காரர், சாப்பாட்டுக்கூடத்தில் சமைக்கிற அம்மா, பூசையில் கிளப்புக்காக மன்றாடுகிற பங்குத்தந்தை. வெளியூர்க்காரர்கள் அந்தத் தேவாலயக் காட்சியைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். நான் தூத்தூர் கடற்கரைப் பக்கம் பிறந்தவள், எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் கரையில் கட்டுமரத்துக்கு அடுத்தபடி பந்துதான். ஊர் அணி இறுதி ஆட்டத்துக்குப் போனால் பங்குத்தந்தை மைக்கிலேயே அறிவிப்பார்.

இதற்கு நேர் எதிராக, கதவு முழுதாகத் திறந்த தொடர்களில் வேறு ஒரு தொல்லை. என் அத்தான் ஆர்சனல் ரசிகர். 2021-22 பருவத்தைப் பற்றி அமேசான் எடுத்த தொடரில், லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் ஆடப் போகும் முன்பு பயிற்சியாளர் அர்டேட்டா பயிற்சி மைதானத்தில் ஒலிபெருக்கி வைத்து லிவர்பூல் ரசிகர்களின் பாட்டைப் போட்டுப் பயிற்சி கொடுப்பார். அந்த ஆட்டத்தில் 4-0 என்று தோற்றார்கள். அத்தான் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கு நான் சொன்னது ஒன்றுதான்: வெளியே கொண்டுவந்து காட்டினால் எந்த வகுப்பறையும் கேலிக்கூத்தாகத்தான் இருக்கும். எங்கள் வார்டில் காலை டியூட்டி மாறும்போது நாங்கள் பேசுவதைப் படம் எடுத்தால் நோயாளிகள் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள்.

யாரோடு பார்ப்பது என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் சீசனை நான் ஓய்வறையில் ஒரு நியூகாசில் தோழியோடு பார்க்க ஆரம்பித்தேன். மகா தவறு. 12 மைல் தள்ளி இருக்கிற பரம எதிரி ஊர் அது. அவள் கெட்டவள் இல்லை, ஆனால் எபிசோடு முழுக்க அவள் முகத்தில் தீபாவளி. இரண்டாவது எபிசோடோடு அதை நிறுத்திவிட்டுப் பெரியவர் வீட்டுக்கு மாறினேன். உங்களை விட அதிகத் தோல்வியைப் பார்த்த ஒருவரோடு பாருங்கள். அவருக்கு எதுவும் புதிதாக இருக்காது, அது நமக்குப் பெரிய தெம்பு.

இரண்டாவது சீசன் வந்தது ஊரடங்கு நேரத்தில். அவர் வீட்டுக்குள் போக முடியாது, நானோ ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். எங்களுடையது சுவரோடு சுவர் ஒட்டிய ஒற்றைத் தள வீடுகள், சண்டர்லேண்ட் காட்டேஜ் என்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் டிவியைப் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தோம். அவருடையது நாலு நொடி முந்தி ஓடியது. சுவருக்கு அந்தப் பக்கம் "ஓ" என்று முனகல் கேட்கும், அப்புறம்தான் என் திரையில் கோல் வாங்குவார்கள். பயமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிடச் சிறந்த முறையில் நான் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை.

ஒரே இரவில் முழுவதையும் பார்த்து முடிக்காதீர்கள். முதல் சீசன் 8 எபிசோடு, அதில் நடப்பது ஒரு முழு வருடத்துச் சரிவு. அந்தப் பருவம் 37 புள்ளியோடு கடைசி இடத்தில் முடிந்தது. 2018 ஏப்ரல் 21 அன்று பர்ட்டனிடம் 2-1 என்று தோற்று மூன்றாம் நிலைக்கு இறங்கினோம். அன்று பர்ட்டனுக்குச் சமன் கோல் போட்டவர் டேரன் பென்ட், ஒரு காலத்தில் எங்கள் செல்லப்பிள்ளை. ஒரு வருடமாகச் சிறுகச் சிறுக விழுங்கியதை ஒரே இரவில் விழுங்கினால் தொண்டையில் நிற்கும். இரவுக்கு ஒன்று போதும். அந்த பர்ட்டன் எபிசோடு இருக்கிற இரவில் மறுநாள் காலை டியூட்டி வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் தடவை ரிமோட்டைத் தொடாதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள், திட்டு வந்தால் திட்டுங்கள். இரண்டாம் தடவை ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி பாருங்கள். கோல் விழுகிறது, உடனே ஒருவர் தலையில் கை வைக்கிறார். அவர் அந்தக் கோலுக்குத்தான் தலையில் கை வைத்தாரா? சட்டையைப் பாருங்கள், வெளிச்சத்தைப் பாருங்கள். ஒரு காட்சியில் தொப்பி, கையுறை, அடுத்ததில் அரைக்கைச் சட்டை என்றால் அது வேறு ஆட்டம். பின்னால் ஸ்கோர்போர்டு தெரிந்தால் நிறுத்திப் படியுங்கள். பேசுகிறவரின் குரல் கேட்கிறது, வாய் தெரியவில்லை என்றால், அந்த வாக்கியம் வேறெங்கோ சொன்னதாக இருக்கலாம். இது மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. நூற்றுக்கணக்கான மணி நேரப் படத்தைச் சுருக்க வேறு வழி இல்லை. ஆனால் ஒரு ஆளை வாழ்நாள் முழுக்க வெறுக்கப்போகிறீர்கள் என்றால், அதற்கு முன் ஒருமுறை சட்டையைச் சரிபார்த்துவிடுங்கள்.

வெறுப்பு என்றதும் காசு ஞாபகம் வருகிறது. இந்தத் தொடர்களில் ரசிகர்களுக்கு மிக ஆத்திரமூட்டுவது சம்பளக் காட்சிகள்தான். ஜாக் ராட்வெல் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து 5 வருட ஒப்பந்தத்தில் வந்தவர். அணி இறங்கிய பிறகும் வாரத்துக்கு 70,000 பவுண்டு வாங்குகிறார் என்று பத்திரிகைகள் எழுதின. தொடரில் தலைமை நிர்வாகி மார்ட்டின் பெய்ன் அவரை எப்படி அனுப்புவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார். நானும் முதல் தடவை பார்த்தபோது ராட்வெல்லைத்தான் திட்டினேன். பெரியவர் கேட்டார்: "அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர்?" இரண்டு பேர். அணி இறங்கினால் சம்பளம் குறையும் என்று ஒரு வரி எழுதத் தவறியது ஆட்டக்காரர் இல்லை. இதை அவர் கப்பல் தளத்துத் தொழிற்சங்கத்தில் இருந்தவர் என்ற முறையில் சொன்னார். தளத்தை மூடியபோது அவர் கையிலும் ஒரு காகிதம் இருந்ததாம், அதில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் சொல்ல மாட்டார்.

இரண்டாவது சீசனில் வில் கிரிக் காட்சி. 2019 ஜனவரி 31, ஆட்டக்காரர்களை வாங்க விற்கக் கடைசி நாள். அந்த மாதம்தான் எங்கள் மாஜா பிரான்ஸின் போர்டோ கிளப்புக்குப் போயிருந்தார், 15 லீக் கோல் அடித்த பையன். அவசரத்தில் புது முதலாளி ஸ்டூவர்ட் டொனால்டு விகன் கிளப்பின் கிரிக்குக்காக விலையை ஏற்றிக்கொண்டே போகிறார். கடைசியில் 30 லட்சம் பவுண்டு, அது 40 லட்சம் வரை போகலாம் என்று முடிந்தது. மூன்றாம் நிலை கிளப்புக்கு அது பெரிய தொகை. கல்யாணச் சந்தையில் முகூர்த்த நாள் நெருங்கியபின் மாப்பிள்ளை தேடுகிற வீடு மாதிரி இருக்கும் அந்தக் காட்சி. இந்த மாதிரிக் காட்சி வந்தால் தேதியை நோட்டில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு அந்த ஆட்டக்காரருக்கு என்ன ஆனது என்று நீங்களே தேடிப் பாருங்கள். கேமரா அன்று இரவோடு வீட்டுக்குப் போய்விடுகிறது, கணக்கு அதற்கு அப்புறமும் ஓடுகிறது.

அதே சீசனில் நிர்வாக இயக்குநர் சார்லி மெத்வென், ஆட்டம் தொடங்கும் முன் போடுகிற இசையை மாற்றப் பார்க்கிறார். அதைப் பார்த்து வார்டே சிரித்தது. ஆனால் 2018 டிசம்பர் 26 அன்று பிராட்ஃபோர்டுக்கு எதிராக 46,039 பேரை மைதானத்துக்குக் கொண்டுவந்ததிலும் அவர் பங்கு உண்டு. மூன்றாம் நிலை ஆட்டத்துக்கு அத்தனை கூட்டம். நானும் அந்த 46,039-இல் ஒருத்தி, இந்தத் தடவை அட்டவணையைச் சரிபார்த்துவிட்டேன். கோமாளி என்று முடிவு கட்டும் முன் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். (அந்த மனிதர் 2023-இல் ஒரு கிளப்பை வாங்கிய குழுவில் சேர்ந்தார். எந்த கிளப்? சார்ல்டன். இதைக் கேட்டுப் பெரியவர் அரை நாள் பேசவில்லை.)

இப்போது எனக்கு முக்கியமான இடம். படத்தில் இல்லாததைத் தேடுங்கள். எங்கள் தொடரில் பெண்கள் அணியைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். லூசி பிரோன்ஸ், ஜில் ஸ்காட், ஸ்டெஃப் ஹவுட்டன், ஜோர்டான் நோப்ஸ், பெத் மீட், இத்தனை பேரும் சண்டர்லேண்டில் ஆடி வளர்ந்து இங்கிலாந்துக்கு ஆடியவர்கள். 2018-இல், கேமரா சுற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், உரிமம் கிடைக்காமல் எங்கள் பெண்கள் அணி மேல்தட்டிலிருந்து மூன்றாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. ஆட்டத்தில் தோற்றுப் போகவில்லை, காகிதத்தில் போனார்கள். ஆண்கள் இறங்கியதற்கு 8 எபிசோடு. எனக்கு இது இன்னும் ஆறவில்லை. எங்கள் ஊரில் அண்ணன்மார் கரையில் ஆடும்போது பந்து கடலுக்குள் போனால் எடுத்துக் கொடுக்கிற வேலை மட்டும்தான் எனக்கு இருந்தது, அதனாலும் இருக்கலாம்.

பருவங்களும் விடுபடும். 2021 மார்ச்சில் வெம்பிளியில் ட்ரான்மியரை 1-0 என்று வென்று ஒரு கோப்பை எடுத்தோம். 1973-க்குப் பிறகு அந்த மைதானத்தில் முதல் வெற்றி. கொரோனா காலம், ஸ்டாண்டில் ஒரு ஆள் கிடையாது. 48 வருடம் காத்திருந்த பெரியவர் அதை வீட்டில் செருப்புப் போட்டுக்கொண்டு பார்த்தார். இப்படிப்பட்ட விஷயங்களுக்குத்தான் உங்கள் நோட்டில் கடைசிப் பக்கங்களைக் காலியாக விட்டு வையுங்கள்.

தொடர் ஓட ஆரம்பித்ததும் சொந்தக்காரர்களிடமிருந்து செய்தி வரும். "உங்க டீம் தோத்துக்கிட்டே இருக்குமாமே?" என்று என் சித்தி மகள் துபாயிலிருந்து கேட்டாள். சண்டைக்குப் போகாதீர்கள். விளக்கமும் கொடுக்காதீர்கள். "ஆமாம், எத்தனாவது எபிசோடு பார்க்கிறாய்?" என்று மட்டும் கேளுங்கள். மூன்றாவது தாண்டிவிட்டாள் என்றால் அவளும் மாட்டிக்கொண்டாள் என்று அர்த்தம். இப்போது அவள் பிள்ளைக்குச் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அப்படித் தொடர் பார்த்து வந்த புதியவர்களைப் பழைய ரசிகர்கள் சிலர் முறைப்பார்கள். நான் முறைப்பதில்லை. நானே 2017 ஜனவரியில் விமானத்தில் வந்து இறங்கியவள்தானே.

மூன்றாவது சீசன் 2024 பிப்ரவரியில் வந்தது, மூன்றே எபிசோடு. வைக்கம்ப் அணியை 2-0 என்று வென்று 2022-இல் மூன்றாம் நிலையிலிருந்து மேலே ஏறிய கதை. சந்தோஷக் கதையைப் பார்க்க வழிகாட்டி வேண்டியதில்லை, டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு அந்தத் தொடரில் எபிசோடு கிடையாது. 2025 மே 24, மறுபடி வெம்பிளி, ஷெஃபீல்டு யுனைடெட். நாங்கள் 1-0 பின்னால் இருந்தோம், மயெண்டா சமன் செய்தார், 95-ஆவது நிமிடத்தில் டாம் வாட்சன் அடித்தார். 8 வருடம் கழித்து பிரீமியர் லீக். அன்று இரவே பஸ்ஸில் நோட்டைத் திறந்தேன். வாட்சன் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியபோது நான் எழுந்து நின்று கத்தினேன், பந்து கோலுக்குள் போவதைப் பார்த்தேன் என்று எழுதினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "இல்லை பெட், நீ உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாய்" என்றார். பேனாவை வாங்கி, என் வரிக்குக் கீழே அவர் கையெழுத்தில் அதையும் எழுதினார். இரண்டையும் அடிக்காமல் விட்டு வைத்திருக்கிறேன்.